பதினாலு தடவை

"முழங்கால அமுக்குங்கய்யா! இன்னொரு ஆளு இடுப்பப் பிடிங்க!"

பெட்டி தரையில் திறந்து கிடந்தது. ரெங்கசாமியை அதற்குள் படுக்க வைக்கத்தான் நாலு ஆம்பிளைகளாலும் முடியவில்லை. முதுகு ஒருவழியாகச் சரிந்து கொடுத்தது. கால்கள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே மடங்கி நின்றன. வலதை அமுக்கினால் இடது எழும்பியது. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் தலை எழும்பி, வந்தவர்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்தது.

"செத்தும் மனுசனுக்குக் கால்ல என்னா பலம்யா!" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தும் விட்டார்கள். சாவு வீட்டில் சாராயம் உள்ளே போனால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும், எது முந்தி வரும் என்று சொல்ல முடியாது.

ஜீவராணி சுவரோரம் நின்றிருந்தாள். செத்தவருக்கு ஒரே மகள். தாய் இல்லை. பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீன் முதலாளியின் துணிக்கடையில் வேலை. பகல் கடைக்குப் போன் வந்து, முதலாளி கோடித்துணியையும் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். கடைக்குக் கட்டிப்போன சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை. அந்தக் கால்களைப் பற்றி அங்கிருந்த யாரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பலத்தை வளர்த்தவளே அவள்தான்.

இருபத்தெட்டு வருசம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், தூள் சலிக்கிற அறையில் நின்ற மனுசன் ரெங்கசாமி. சலித்த தூளில் பாதி சாக்குக்குப் போனது, மீதி அவர் நெஞ்சுக்குள் போனது. ஐம்பத்தாறு வயதில், குடியிருந்த லயத்துப் படி மூன்று ஏறினால் நாலாவது படியில் உட்கார்ந்துவிடுவார். பதுளையில் நெஞ்சு கிளினிக் டாக்டர், நுரையீரல் பழுதாகிவிட்டது, இனிப் பழையபடி ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கு நுரையீரலும் தெரியாது, கல்லீரலும் தெரியாது. "வேல செய்ய ஏலாட்டி பேர வெட்டிருவேன். காம்பராவ விட்டுட்டுப் போகணும். நடக்க முடியும்னு டவுன்ல கடதாசி வாங்கிட்டு வா, கேட்டுல வாச்சர் வேல தாறேன்," என்றார். லயத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு பேராவது செக்ரோலில், தோட்டத்து வேலையாள் பதிவில், இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். அந்த ஒற்றை அறையும் அடுப்படியும்தான் அப்பனுக்கும் மகளுக்கும் இருந்த உலகம்.

கணக்கப்பிள்ளை வேறொரு வழியும் சொன்னார். மகள் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தால் போதும், கிழவர் வீட்டில் கிடக்கலாம்.

"நா ஓ.எல். எழுதுனது அட்டக் கடி வாங்கவா?" என்று கேட்டாள் ஜீவராணி.

ரெங்கசாமிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "எம் மக தலையில கொழுந்துக் கூடக் கயிறு ஏற விடமாட்டேங்க. நா நடக்கிறேன்," என்றார். அப்படிச் சொல்லத்தான் அப்பன். சரி என்று விட்டுவிடலாமா? அவள் விட்டுவிட்டாள்.

கிளினிக்கில் சோதனை பார்க்கிறவள் சுலோஜனா மிஸ், யாழ்ப்பாணத்துக்காரி. நீளமான தாழ்வாரத்தில் இந்தத் தொங்கலில் ஒரு மஞ்சள் கூம்பு, அந்தத் தொங்கலில் ஒரு மஞ்சள் கூம்பு. இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிசம் போய்ப் போய் வர வேண்டும். பிறகு கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிசத்துக்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவாள்.

"ஐயா, உங்களுக்கு ஏலுமான அளவு நடவுங்கோ. களைச்சா நிண்டு மூச்செடுங்கோ. இதில பாஸ் பெயில் எண்டு ஒண்டும் இல்ல," என்று சிரித்தபடி சொன்னாள்.

அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ் பெயில் இல்லையாம்! தராசில் கொழுந்தைப் போட்டு ஒரு கிலோ குறைந்தாலும் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுகிற ஊரில் பிறந்தவர்கள் அவர்கள். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள், யார் சாய்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் அன்றைய வேலையே. கையில் மணிக்கூடும் காகிதமும் வைத்துக்கொண்டு ஒருத்தி எண்ணுகிறாள் என்றால் அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாதா?

முதல் தடவை இருநூற்றுப் பத்து மீற்றர். நாற்காலியில் ஆறு. வீட்டில் மெல்ல மெல்லப் பழகச் சொன்னாள் மிஸ். மூன்று மாதத்தில் திரும்பிப் பார்க்கலாம், மூச்சு வாங்கினால் உடனே நிப்பாட்டிப் போட வேண்டும் என்றும் சொன்னாள். ஜீவராணியின் காதில் பழகு என்பது விழுந்தது. நிப்பாட்டு என்பது விழவில்லை.

மூன்று மாதமும் விடியப்புறம் நாலரை மணிக்கு அவரை எழுப்பினாள். அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ஊதுவாள், முதுகுக்குப் பின்னால் அவர் நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருவார். பழைய பலகை நாற்காலி, உட்காரும்போதெல்லாம் முனகும். முனகலுக்கு ஒன்று என்று அவள் எண்ணுவாள். அவர் பிந்தினால் இவள் குரலை உயர்த்தி அடுத்த எண்ணைச் சொல்லிவிடுவாள், அவர் ஓடிவந்து பிடிக்க வேண்டும்.

"மூச்சு முட்டுது தாயி."

"முட்டாம? எட்டு!"

அவளுக்கு அப்பாவைப் பிடிக்காது என்றில்லை. உயிர். சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காய் கண்டால் அவருக்காகத்தான் வாங்குவாள். ஆனால் விடிந்தால் நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, பஸ் ஏறி, மின்விசிறிக்குக் கீழே நின்று துணி விரித்துக் காட்டுகிற வாழ்க்கை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அது அவருடைய இரண்டு முழங்கால்களின் மேல் நின்றது.

இரண்டாம் தடவை தாழ்வாரத்தில் கங்காணி பின்னால் விரட்டுகிற மாதிரி நடந்தார். உதடு நீலமாகியது. விரலில் மாட்டிய கருவி கத்தியது. "நில்லுங்கோ ஐயா, காணும், நில்லுங்கோ!" என்று மிஸ் பதறினாள். அந்தத் தொங்கலில் கூம்புக்குப் பக்கத்தில் நின்ற ஜீவராணி, "விடாதீங்கப்பா, இன்னம் கொஞ்சந்தான்!" என்றாள். அவர் மகள் சொல்லைக் கேட்டார். நானூறு மீற்றர். பிறகு நாற்காலியில் பதினாலு. முடிந்ததும் அரைமணி நேரம் ஒட்சிசன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி பத்து விரலையும் விரித்து, மடக்கி, மறுபடி நாலு விரலைக் காட்டி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

மிஸ் கொடுத்த கடதாசியில் இரண்டு வரி. நடையும் கால் பலமும் முன்னேறியிருக்கின்றன என்பது முதல் வரி. தூசியில் வேலை செய்யவே கூடாது என்பது அடுத்த வரி. தொரை முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்.

"நானூறு மீற்றரா? பதினாலு தடவையா? இவ்வளவு பலம் உள்ள ஆளுக்கு வாச்சர் வேல எதுக்கு! நாளைக்கே சலிக்கிற ரூமுக்குப் போ. மூணு மாசத்துக்கு ஒருக்கா இதே மாதிரிக் கடதாசி வரணும், சரியா?"

அந்த இரண்டாவது வரியை ஜீவராணி பஸ்ஸிலேயே படித்திருந்தாள். தொரையின் மேசைக்கு முன்னால் நின்றபோது அது நாக்கு நுனிவரை வந்தது. பேசினால் பேரை வெட்டினாலும் வெட்டுவார். அவள் வாயைத் திறக்கவில்லை. "சரிங்க தொர," என்றார் ரெங்கசாமி, மகளுக்கும் சேர்த்து.

அது நடந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக்.

"சுடுதண்ணி கொண்டாங்க," என்றாள் பெரியாயி அத்தை. ரெங்கசாமியின் தங்கை, மேட்டு லயத்துக்காரி. துணியை நனைத்து அண்ணன் முழங்கால்களில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். "மக வச்ச தேத்தண்ணியக் கூடக் குடிக்காமப் போயிட்டியே அண்ணே!" என்று அழுதாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தத் தேத்தண்ணி ஆடை படிந்து இன்னும் அப்படியே இருந்தது. சலிக்கிற அறைக்கு ஏன் வரவில்லை என்று ஸ்டோரிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டபோதுதான் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு நாள் பேர் போடுவதற்குத் தேடினார்களே, அந்த மட்டில் நல்லது.

டாக்டரையா வந்தார். உண்மையில் டாக்டர் இல்லை, தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கிறவர். ஆனால் சாவுக்குத் துண்டு எழுதுவது அவர்தான். குனிந்து தாடையைத் தொட்டார், முழங்காலை ஆட்டிப் பார்த்தார்.

"நீ எத்தன மணிக்குப் போன புள்ள?"

"ஆறு மணி பஸ்ஸுக்குங்க."

"அப்ப பேசினாரா?"

ஜீவராணி அந்தப் பலகை நாற்காலியைப் பார்த்தாள்.

காலையில் ஏழாவது தடவையோடு நாற்காலிச் சத்தம் நின்றது. விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. அவள் திரும்பவில்லை. "எட்டு," என்றாள். "எட்டுன்னு சொல்றேன்ல? ஒம்பது. நடிக்காதீங்கப்பா, செவ்வாக்கெழம என்னா செய்யப் போறீங்க? பத்து." எப்போதும்போல ஓடிவந்து பிடித்துவிடுவார் என்று பதினாலு வரைக்கும் எண்ணி முடித்தாள். திரும்பியபோது அவர் கைகளை நெஞ்சில் கட்டியபடி, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தால் அப்படித்தான் உட்காருவார். இவளுக்கும் கோபம். தேத்தண்ணியைப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள். சேலை கட்டினாள், தலை வாரினாள், பவுடர் போட்டாள். "பேசாட்டிப் போங்க, எனக்கென்னா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"கோவமா இருந்தாருங்க," என்றாள் இப்போது.

டாக்டரையா அவளை வாசல் பக்கம் தள்ளிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒடம்பு இந்தளவுக்கு வெறைக்கணும்னா வெள்ளன அஞ்சு மணிக்கே போயிருக்கணும் புள்ள. நீ போறப்ப இருந்தது பொணம்." பேனாவைத் திறந்தார். "நா ஆறரைன்னு போடுறேன். ஒனக்கும் கரச்சல் வேணாம், எனக்கும் வேணாம்."

உள்ளே படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. "ஆச்சு, ஆச்சு, படுத்துட்டாரு," என்றான் யாரோ. பெரியாயி அத்தை வீறிட்டாள். தப்பு மேளம் முழங்கத் தொடங்கியது.

கருமாதி முடிந்த மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். ரெங்கசாமி பேரை வெட்டியாகிவிட்டது, காம்பராவுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். பெரியாயி அத்தை வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். பதுளையில் அறை எடுக்கத் துணிக்கடைச் சம்பளம் ஒரு மூலைக்குக் காணாது. ஜீவராணி கதவைச் சாத்திவிட்டு, கொழுந்து பறிக்கப் பேர் பதிய அவரோடு மருந்துச்சாலைக்கு நடந்தாள்.

புதிதாகப் பேர் பதிகிறவர்களை அங்கே உடம்பு பார்த்துத்தான் எடுப்பார்கள். முன்னெல்லாம் கண்ணையும் நாக்கையும் பார்ப்பதோடு சரி. இப்போது நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது, கை இல்லாத நாற்காலி.

"இது தொர புதுசா கொண்டாந்தது," என்றார் டாக்டரையா. "ஒங்கப்பா கொண்டாந்த கடதாசியப் பாத்த நாளுலருந்து இந்த வித்தை அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. மலைக்கு ஏற வேணாமா, காலு பலமா இருக்கணும்ல. ஒக்காரு புள்ள. கைய..."

அவர் சொல்லி முடிக்குமுன் ஜீவராணி கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"ஒன்னு," என்றார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே அவர் அலுமாரிப் பக்கம் திரும்பினார். அவளுடைய பேருக்குப் புது அட்டை ஒன்றைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"ஏழு," என்றார், முதுகைக் காட்டியபடி.

ஏழில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை.

"எட்டு. ஒம்பது." அட்டைக் கட்டிலிருந்து தூசியை ஊதினார். "பத்து. பதினொன்னு."

ஜீவராணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினாலு. போதும், பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே அட்டையில் எழுதினார்.