இரட்டைக்கொம்புக் கிளை

ஒனோரீன் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் ஈ கிடையாது. அம்பன்ஜா சாலையில் வேறெந்தக் கடைக்காரியும் அப்படி மார்தட்ட முடியாது. காரணம் அவள் வளர்த்த பச்சோந்தி. ராஜா என்று பொருள்பட அம்பன்சாகா என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். சமையற்கட்டு வாசலில் செம்பருத்தி வேலியில் உட்கார்ந்தபடியே அது நாக்கை வீசும், ஒரு ஈ காணாமல் போகும். "சம்பளம் கேக்காத வேலைக்காரன் இவன் ஒருத்தன்தான்" என்பாள் அக்கா.

மற்றவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. எங்கள் பக்கத்தில் பச்சோந்தியைத் தொட மாட்டோம். ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டவும் மாட்டோம், முன்னோர்களுக்குக் கோபம் வரும். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் மரியாதையாக விரலை மடக்கி முட்டியால் காட்டுவோம். வண்டியோட்டிகள் அக்காவின் தேங்காய்ச் சோற்றுக்காக வருவார்கள், ஆனால் வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் பூனை ஒன்று அம்பன்சாகாவின் முன்காலைக் கடித்துவிட்டது. புண் ஆறியது, பிடிதான் முன்போல இல்லை. இனி வேலியில் விட்டால் பூனைக்குத்தான் தீனி என்று அக்கா கூண்டு செய்யச் சொன்னாள். தச்சன் நாற்காலி செய்து பழகியவன். ஆள் உயரக் கூண்டு, சுற்றிலும் வலை, உள்ளே ஏறிப்போக வழவழவென்று இழைத்து மெருகு பூசிய கோல்கள். பெரிய அதிகாரி வீட்டு மாடிப்படிக் கைப்பிடி போல மின்னின. அம்பன்சாகா ஒரு கோலில் கால் வைத்தது. வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. அதன்பின் ஏறவே இல்லை. கூண்டின் தரையில் சுருண்டு, ஈரமண் நிறமாகிக் கிடந்தது. வெட்டுக்கிளியைக் கொண்டுபோய் மூக்கருகே விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டது. சோற்றுத் தட்டுகளுக்கு ஈக்கள் திரும்பி வந்தன.

நானும் அப்போது தரையில் கிடந்தவன்தான். இலாங் என்ற வாசனைப் பூமரத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிற கூட்டத்தில் இருந்தேன். தைலம் காய்ச்சும் கொட்டகையில் ஒருநாள் விறகறுக்கக் கூப்பிட்டார்கள். ரம்பம் என் இடக்கையில் நடுவிலிருந்த மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம், கூடவே ரெட்டைக்கொம்பு என்ற பட்டப்பெயரும். கவாத்தில் இடக்கையால் கிளையை வளைத்துப் பிடித்து வலக்கையால் வெட்டவேண்டும். கூட்டத் தலைவன் ஜௌலாய் என் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தான். ஒனோரீன் அக்காவுக்கு உடன்பிறந்தவன் அவன். மத்தியானச் சோறு அவனுக்கு அங்கேதான், எனக்கும் அங்கேதான்.

அன்று கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறந்தேன். "அக்கா, கோலு சரியில்லை. பட்டையோட இருக்கிற கிளையா வைக்கணும்."

ஜௌலாய் சோற்றிலிருந்து நிமிர்ந்தான். "பாருங்கடா, ரெட்டைக்கொம்பு பேசுது! கிளையைப் புடிக்க வக்கில்லாதவன், பச்சோந்திக்குக் கிளை பாக்கப் போறானாம்."

கடையே சிரித்தது.

"நான் வைக்கிற கிளையில அது ஏறி இரை எடுத்தா என்ன தருவீங்கண்ணே?"

"ஏறிருச்சுன்னா உன் கத்தியைத் தர்றேன். ஏறலைன்னா, சாகிற வரைக்கும் துடைப்பம்தான். வாயைத் திறக்கக் கூடாது."

"சாட்சிக்கு நான் இருக்கேன்டா" என்றாள் அக்கா, அகப்பையை ஓங்கிக்கொண்டே. "பின்னால பேச்சு மாறினே, உனக்குச் சோறு கிடையாது."

கிளை பார்ப்பதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கொய்யாக் கிளைகளில் நல்லதாகப் பார்த்து, கைக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, எது உறுதியாக நின்றதோ அதை வெட்டினேன். கூண்டுக்குள் கட்டினேன். மறுநாள் எல்லோரும் பார்க்க அம்பன்சாகா ஒரு கிளையை அணைத்தது. இரண்டு எட்டு நகர்ந்தது. வலக்கால் பிடித்தது, கடிபட்ட கால் பட்டையைச் சுரண்டியது. கொய்யாப் பட்டை காகிதம் போல உரிந்துவந்தது. பொத்.

"துடைப்பம் எங்கேப்பா?" என்றான் ஜௌலாய். "யாராவது எடுத்துக் குடுங்க, அதுவாவது அவன் கையில நிக்கும்."

கடை மறுபடியும் சிரித்தது. சாப்பாட்டுக்குப் பின் எங்கள் பக்கத்தில் குடிக்கிற, அடிப்பிடித்த சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அக்கா கூண்டருகே நின்றிருந்தாள்.

"ஏன் விழுந்துச்சு பெசாரா?"

"பட்டை வழுக்குதுக்கா. அது மட்டுமில்லை. நான் என் கைக்கு அளவு பாத்து வெட்டிட்டேன். அதோட கால் அளவு எனக்குத் தெரியாது."

"அப்ப அளந்து பாரு."

"தொடச் சொல்றியா?"

"ஆட்காட்டி விரலை நீட்டினாத்தானே முன்னோருக்குக் கோபம்? உனக்கு அதுதான் இல்லையே! உன்னை எந்தக் கணக்குல கோவிச்சுக்குவாங்க?"

வண்டியோட்டி ஒருவன் கஞ்சி புரையேறி இருமினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கூண்டுக் கதவைத் திறந்து இடக்கையை உள்ளே நீட்டினேன். பயமில்லை என்று சொன்னால் பொய்.

அம்பன்சாகா ஒரு கண்ணை என் பக்கம் திருப்பியது. மற்றக் கண் ஜௌலாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கடிபடாத காலைத் தூக்கி, காற்றில் முன்னும் பின்னும் ஆட்டி, என் சுண்டுவிரலில் வைத்தது. அதன் விரல்களில் இரண்டு ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம். குறடு போல இறுகியது. அப்போதுதான் பார்த்தேன். அதன் காலும் நடுவில் பிளந்த கொம்புதான். என்னுடையது போலவே.

அடுத்துக் கடிபட்ட காலைத் தூக்கியது. சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவிலிருந்த பிளவில் அதை வைத்தது. இறுக்கிப் பிடிக்கவில்லை, செருகிக்கொண்டது. நொண்டிக்கால் பிளவில் நின்றது. வாலை என் மணிக்கட்டில் சுற்றியது. நான் கையை மெல்ல மேலே தூக்கினேன். விழவில்லை.

"அய்யோ, கையில ஏறிருச்சு!" என்று யாரோ பெஞ்சின்மேல் ஏறினார்கள்.

"கை கணக்குல வராது" என்றான் ஜௌலாய். குரலில் பழைய தெம்பு இல்லை.

"வராதுண்ணே. அளவு மட்டும் எடுத்துக்கிறேன்."

காப்பித் தோட்டத்துக்குப் போனேன். பழைய காப்பிச் செடியின் பட்டை சொரசொரப்பு, கணுவுக்குக் கணு கவை, பாலும் வடியாது. என் சுண்டுவிரல் பருமனுக்கு ஒன்று, கட்டைவிரல் பருமனுக்கு ஒன்று. பச்சோந்தியின் கால் விரல்கள் சுற்றி வளைத்து, நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கிற அளவு. எல்லாமே ஒரே பருமனாக இருந்தால் காலும் ஒரே இடத்தில் நோகும் என்று மெலிந்தும் தடித்தும் இருப்பதாகவே எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கவை இருக்கிறதா என்று என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்ததை ஒடித்துப் பார்த்துத் தள்ளினேன். பூச்சி அரித்ததைத் தள்ளினேன்.

கூண்டில் இந்தமுறை நெட்டுக்குத்தாக எதையும் கட்டவில்லை. தரையிலிருந்து ஏறு சாய்வாக ஒன்று. அது முடிகிற இடத்தில் அடுத்தது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கவை, நொண்டிக்காலுக்கு. உச்சியில் வெயில் படுகிற இடத்தில் படுக்கையாக ஒரு கிளை. இலைகளைப் பறிக்காமல் விட்டு நீர் தெளித்தேன். கொய்யாவை வெளியே எறிந்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையில் உட்கார இடமில்லை. வேலிக்கு முதுகு காட்டாதவர்கள் கூண்டுக்கு முகம் காட்டி நின்றார்கள். அம்பன்சாகா முதல் கிளையைத் தொட்டது. ஆடியது. ஒரு கால். அடுத்த கால் கவையில் செருகியது. ஒரு மூட்டு தாண்டியது. இலையில் நின்ற நீரைக் குடித்தது. அடுத்த மூட்டு.

"விழும் பாரு" என்றான் ஜௌலாய்.

"நீ வாயை மூடு" என்றாள் அவன் அக்கா.

உச்சிக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. வெயில் பட்டது. ஈரமண் நிறம் விலகி, கழுத்திலிருந்து பச்சை பரவி, பக்கவாட்டில் நீலப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பட்டாபிஷேகத்துக்கு உடுத்திக்கொண்டது போல இருந்தது. அக்கா வெட்டுக்கிளியை எதிர்க்கிளையில் விட்டாள். இரண்டு கண்களும் ஒரே பக்கம் திரும்பின. சடக். வெட்டுக்கிளி இல்லை.

வண்டியோட்டிகள் தட்டுகளைத் தட்டினார்கள். ஒருவன் என் இடக்கையைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தி, "ரெட்டைக்கொம்பு வாழ்க!" என்று கத்தினான். அதுவரை வசவாக இருந்த பெயர், அன்று அந்தக் கூச்சலில் எனக்கு இனித்தது.

மறுநாள் காலை தோட்டத்தில் ஜௌலாய் கத்தியை நீட்டினான். கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, "பந்தயம் பந்தயம்தான். ஆனா மரம் பச்சோந்தி இல்லை, தம்பி. நழுவிச்சுன்னா உன் முகத்துலதான் அடிக்கும்" என்றான்.

"தாங்கண்ணே."

முதல் மரத்தின் கீழ் நின்றேன். தலைக்குமேல் தடித்த கிளை ஒன்று பூவோடு தொங்கியது. முன்பு ஐந்து விரலால் அதை நடுவில் பிடிப்பேன். இன்று நடுவில் பிடிக்கவில்லை. கிளை இரண்டாகப் பிரிகிற கவையைத் தேடினேன். என் கவையை அதில் மாட்டினேன். உடம்பு பாரத்தைக் கொடுத்து இழுத்தேன். கிளை வளைந்து என் மார்பு வரை வந்தது, அங்கேயே நின்றது. ஒரே வெட்டு. மஞ்சள் பூக்கள் என் தலையில் கொட்டின.

ஜௌலாய் கீழே கிடந்த கிளையைப் பார்த்தான், வெட்டுவாயைப் பார்த்தான். பிறகு அடுத்த மரத்தை, விரலை மடக்கி, முட்டியால் காட்டினான்.