இடது கைச் சுற்று

வேலைக்கான நேர்காணலில் அவள் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதுவும் கோபத்தில் வாய் தவறி வந்த பொய்.

ஐந்து பேரை ஒரே வரிசையில் உட்காரவைத்து, பணியாளர் பிரிவு மேடம் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே, "ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். முதலாமவன் நீச்சல் என்றான். அடுத்தவள் பியானோ என்றாள். மூன்றாமவன் மலையேற்றமாம். இவள் வீட்டில் ஓய்வு நேரம் என்றால் தூக்கம். தூங்குவேன் என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? "எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன்" என்றாள். வெறும் கிட்டார்கூட இல்லை. சொல்வது பொய்யென்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்ததால் அல்ல, படித்தது வணிகவியல். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பேசுவதால் அக்கா வைத்த பெயர் அது. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் வக்கீல்தான். இரண்டு பேரையும் படிக்கவைக்க வழியில்லாமல் போனபோது அக்கா பள்ளியை நிறுத்திவிட்டு, எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றும் வைண்டிங் கடைக்குப் போனாள். அதைத் தியாகம் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அக்காவே அடித்திருப்பாள்.

வேலை கிடைத்தது. காப்பீட்டு அலுவலகம். பொய்யை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தாள். பிறகு ஒருநாள் சாமான் அறையைக் காலி செய்தார்கள். உடைந்த நாற்காலிகளுக்குக் கீழே ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் கிடந்தன. எந்தக் காலத்து ஆண்டு விழாவுக்கு வாங்கியதோ, கம்பியெல்லாம் துரு.

மேலாளருக்கு முகமெல்லாம் பல். "நம்மகிட்டதான் கிட்டார்காரி இருக்காங்களே! எடுத்துட்டுப் போய் சரி பண்ணுங்கம்மா. மூணு மாசத்துல நான் ரிட்டயர் ஆறேன். அன்னிக்கு நீங்க வாசிக்கறீங்க, நாங்க கேக்கறோம்."

"சரி சார்" என்றாள். வேறென்ன சொல்வது?

கிட்டாரைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடி?"

"சொன்னா என்ன நினைப்பாங்க? இதுங்களுக்கு ஏது கிட்டார்னு அன்னிக்கே தெரியும்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை நான் குடுக்க மாட்டேன்."

"அப்ப மூணு மாசத்துல கத்துக்கப்போற?"

"முதல்ல இது சத்தம் போடட்டும்க்கா. அப்புறம் பாக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்துக் கிட்டாரைப் படுக்கவைப்பாள். கம்பிகளைக் கழற்றினாள். முறுக்கும் சாவிகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள். கரகரவென்ற குமிழ்களுக்குள் மருந்து அடித்துத் திருகித் திருகி வழிக்குக் கொண்டுவந்தாள். விரல் பலகையின் அழுக்கைச் சுரண்டச் சுரண்ட, அடியில் காப்பி நிற மரம் தெரிந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்துபோனாள். ஒரு வேலையைச் செய்துகொண்டே பசியை மறப்பது அவளுக்குப் புதிது. அலுவலகத்தில் பதினோரு மணிக்கே வயிறு மணி அடித்துவிடும்.

வாசிக்கப் பழகுவதும் நடந்தது. நடந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரவல் கிட்டார் ஒன்றில் பத்து நாள் முயன்றாள். விரல் நுனி வீங்கியது, பாட்டு வரவில்லை. ஆசையே இல்லையென்பது பதினோராம் நாள் புரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது வந்த சந்தோஷத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை.

கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்கப் இருந்தன. கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காதுகள் அவை. மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒன்று உயிரோடு இருந்தது, மற்றது செத்திருந்தது. செத்ததைப் பிரித்தாள். உள்ளே காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, எங்கோ அறுந்து கிடந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அட, காயில்! இதுக்கா ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வச்சிருக்க? எத்தனை சுத்து?"

"ஏழாயிரம், எட்டாயிரம் இருக்கும்."

"எனக்கு இது கொசு."

விடுமுறை நாளில் கடை முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். ரிலே என்ற சின்ன மின்காந்த ஸ்விட்சுகளுக்கென்று வைத்திருந்த மெல்லிய கம்பியைச் சுருளிலிருந்து இழுத்து, இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு அக்கா சுற்றினாள். மூச்சுகூடப் பக்கவாட்டில்தான் விட்டாள். மூவாயிரத்தில் ஒருமுறை அறுந்தது. "நீ பேசாத, உன் வாய்க்காத்துல போகுது" என்று வக்கீலைத் திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இருபது வருடமாக மோட்டார் சுற்றிய கை. எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றபோது காயில் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது.

பொருத்தி, பற்றவைத்து, புதுக் கம்பி கட்டி, ஸ்பீக்கரில் செருகினாள். மேல் பிக்கப் பேசியது. கீழ் பிக்கப், அக்கா சுற்றியது, அதைவிடக் கணீரென்று பேசியது. இருவரும் குதித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் சத்தம் சப்பென்று போனது. சளி பிடித்தவன் மூக்கால் பாடுவதுபோல.

அக்காவிடம் சொன்னால் அவள் சுற்றியதில் குறை என்று ஆகிவிடும். அதனால் வக்கீல் சொல்லவில்லை. ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும் என்று மாற்றினாள். குமிழை மாற்றினாள். மூன்று வாரம் போனது, மூக்குச் சத்தம் போகவில்லை. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்காவே கதவருகில் நின்று கேட்டுவிட்டாள்.

"தனித்தனியா நல்லா பேசுது, சேர்ந்தா சண்டை. அவ்வளவுதானே?"

"உன் மேல தப்பு இல்லக்கா…"

"என் மேலதான்டி தப்பு. நான் இடது கைக்காரி. எல்லாரும் சுத்தற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்துவேன். மோட்டார்ல கடைசியா இணைப்புக் குடுக்கறப்ப நானே சரி பண்ணிடுவேன், யாருக்கும் தெரியாது. இங்க ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. மோட்டார் திரும்பிச் சுத்தினா என்ன பண்ணுவோம்? ரெண்டு ஒயரை மாத்திப் போடுவோம். மாத்து."

"மூணு வாரம்க்கா! அப்பவே கேட்டிருக்கலாம்."

"கேக்கறதுக்கு வக்கீலுக்கு வாய் இருந்தாத்தானே!"

இரண்டு ஒயர். இரண்டு நிமிடம். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து அறையை நிரப்பின. ஒரு கம்பியைத்தான் தட்டினாள், அது அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

விழா அன்று மாலை, அலுவலகக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேலாளர் மாலையோடு முன்வரிசையில் இருந்தார். "அடுத்து, நம் கிட்டார்காரி" என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டல். வக்கீல் ஒயரைச் செருகினாள், ஒலியைச் சரிசெய்தாள், ஒரு கம்பியைத் தட்டினாள். கணீரென்று கேட்டது. அதற்குமேல் அவளிடம் எதுவும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி இறங்கிவிடலாம், விரலில் அடி என்று காட்டலாம், எதையும் நம்புவார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். "இன்டர்வியூல பொய் சொன்னேன். ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல யாருக்கும் அது இருந்ததில்ல. ஆனா இதை நான்தான் சரி பண்ணேன். இதுல ஒரு காயில் எங்க அக்கா கையால சுத்தினது. ஓய்வு நேரம்னா என்னன்னு இந்த மூணு மாசத்துலதான் தெரிஞ்சுது. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது வாங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் பயந்த அதே சிரிப்பு. காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை.

கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பணியாளர் பிரிவு மேடம் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். காதருகே குனிந்து, "காலேஜ்ல வாசிச்சது. கேவலமா இருக்கும், திட்டாதீங்க" என்றார்.

"சத்தம் நல்லா வரும் மேடம். அதுக்கு நான் பொறுப்பு."

மேடம் வாசித்தது சுமார்தான். இரண்டு இடத்தில் தடுக்கினார். மூன்றாம் கம்பி மட்டும் கொஞ்சம் அமுங்கிக் கேட்பதை வக்கீலின் காது பிடித்தது. கூட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. மேடம் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் ஸ்க்ரூடிரைவரோடு மண்டியிட்டு, "அப்படியே பிடிங்க மேடம், ஆடாதீங்க" என்று பிக்கப்பில் அந்தக் கம்பிக்கு நேர் கீழே இருந்த திருகைக் கால் சுற்று திருப்பினாள்.

"ம். இப்ப வாசிங்க."