அவளுக்கு மட்டும் பச்சை

1.

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையில் என் காதில் விழுந்தது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, ரிசப்ஷனில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்: "அவளுக்கு மட்டும் எப்படித்தான் பச்சை வருதோ!" அந்த ஒரு வரியைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2.

'ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் நல்லவள், இளையவள்...'

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்களே முடித்துவிடுவீர்கள்.

பெரியவள் ரிசப்ஷனை விட்டு வேறு வேலைக்குப் போக ஆசைப்பட்டு, நிரல் எழுதச் சொல்லித்தரும் ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தாள். "நானும் படிக்கறேன்க்கா" என்று ஓரகத்தியும் ஒட்டிக்கொண்டாள். கோப்புகளைக் கிளவுட் சேமிப்பகத்தில் ஏற்றுவது, எடுப்பது, அழிப்பது என்று வரிசையாகப் பயிற்சிகள். சரியாக எழுதினால் பச்சை டிக், தப்பென்றால் சிவப்பு. சேமிப்பகத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே அக்கவுன்ட், அவரவர் பெயரில் ஆளுக்கொரு ஃபோல்டர்.

சின்னவள் துணி காயப்போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து தட்டுவாள், பச்சை. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதில் எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும், சிவப்பு.

"இவளுக்குத் தலைக்குள்ளயே கம்ப்யூட்டர் இருக்கு. நீயும் இருக்கியே!" என்றான் பெரியவளின் கணவன், சோற்றைப் பிசைந்தபடி.

இருவரும்தான் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார்கள். இன்டர்வியூவுக்குச் சின்னவளை மட்டும் கூப்பிட்டார்கள். அதில் காட்டவேண்டிய வேலை முழுதும் அவள் ஃபோல்டரில் இருந்தது.

[பொறாமையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. சரியாக வரவில்லை. என் தோழி ஒருத்தி இதை ஒரே மூச்சில் எழுதியிருப்பாள். அவள் கதைகளை நான் படிப்பதில்லை.]

3.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் மத்தியானம் பெரியவள் அழித்தல் பயிற்சிக்கு உட்கார்ந்தாள். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் நிரல். ஃபோல்டரின் பெயரை எழுதவேண்டிய இடத்தில், கைதவறி...

இல்லை. கை தவறவில்லை. சின்னவளின் பெயரை எழுத்துக்கூட்டித் தட்டினாள். ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

பச்சை.

வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையிலேயே அவளுக்கு வந்த முதல் பச்சை. தன்னை மறந்து "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டாள். அடுத்த அறையிலிருந்து சின்னவள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சூப்பர்க்கா! எனக்கு இது மட்டும் வரவேயில்ல தெரியுமா? தட்டத் தட்டச் சிவப்பு. வெட்கமா இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லல. நாளைக்கு இதைக் கேட்டா என்ன பண்றது? எப்படி எழுதினீங்க, காட்டுங்க."*

* அழித்ததை மீட்க முடியாதா என்பீர்கள். பழைய பிரதிகளை வைத்திருக்கும்படி முன்பே அமைத்திருந்தால் முடியும். அமைத்திருந்தார்களா என்று எனக்கும் தெரியாது. அது அடுத்த பாடம்.

4.

கணினியைப் படக்கென்று மூடவைத்துப் பார்த்தேன். பெரியவள் மூட மறுத்தாள். காலில் விழவைத்துப் பார்த்தேன்; அது நாடகம்.

அவள் செய்தது இதுதான்: நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்தாள். சின்னவள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"முதல் வரி புரியுது. ரெண்டாவது... ஓ, இங்கதான் நான் தப்பு பண்ணேன்! மூணாவது..."

மூன்றாவது வரியில் அவள் பெயர் இருக்கிறது.

பெரியவள் வாயைத் திறக்கிறாள். என்ன சொல்ல வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்; சீக்கிரம், விரல் நகர்கிறது.