தட்டுகளில் ஒட்டிக்கொண்ட தாமதம்

தோர்னி லிண்டெல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கராஜில் சுத்தியலால் தன் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். வலி ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில், இரண்டாவது பாட்டின் நடுவில் வந்தது. அவன் போட்ட கூச்சலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பெண்மணிக்குக் கை தடுமாறியது. பாதிரியார் இறங்கி வந்து விரலைப் பார்த்தார். நகம் ஏற்கெனவே கறுத்து, காயம் ஆறவும் தொடங்கியிருந்தது. யோட்டா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் அந்த வாரம் ஹெர்ரிங் மீன் விலை ஏறியிருந்ததால், இதைப் பற்றி யாரும் அதிக நேரம் பேசவில்லை.

தோர்னி வேலை பார்த்த கார் தொழிற்சாலை அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மூடப்பட்டிருந்தது. ஊரில் பாதி ஆண்களிடம் அங்கே செய்த பழைய டர்போ கார் இருந்தது. எல்லோரும் தங்கள் வண்டியைத் தாங்களே ரிப்பேர் பார்த்துக்கொண்டார்கள். காசு கொடுத்து மெக்கானிக்கிடம் விடுவது அங்கே, சொந்தப் பிள்ளையைச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது போன்ற கேவலம். அந்த வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. இன்ஜின் வெளியே தள்ளும் புகையே டர்போ என்ற ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும்; அந்தச் சக்கரம் காற்றை அள்ளி மறுபடி இன்ஜினுக்குள் திணிக்கும். சக்கரம் வேகம் பிடிக்கும் வரை ஒன்றும் நடக்காது. மிதித்தால் வண்டி முதலில் யோசிக்கும். பிறகு பின்னாலிருந்து பத்துப் பேர் தள்ளியதைப் போலப் பாயும். மற்றவர்கள் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரியை முந்த வேண்டிய இடத்துக்கு முன்பே மிதித்துவிட்டு, வரும்போது வரட்டும் என்று ரேடியோ கேட்டுக்கொண்டு போனார்கள்.

தோர்னிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேலை போனதிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் முட்டி ஆடும், படுத்தால் கட்டில் கிறீச்சிடும். வண்டியின் அந்தத் தாமதத்தை ஒழித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவனுக்கு எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. ரப்பர் குழாய்களை மாற்றினான். மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் அடித்து எங்கே காற்றுக் கசிந்து குமிழ் வருகிறது என்று பார்த்தான். கடைசியில் டர்போவையே கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அப்படியும் போகாத கரியைப் போக்க அதன் இரும்புக் கூட்டைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்தான். அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் செய்கிற காரியம்தான் இது, மனைவி வெளியே போயிருக்கும்போது. தோர்னி செய்த தப்பு வேறு. மின்சாரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று, அவர்கள் சாப்பிடுகிற நீலப்பூத் தட்டுகளையும் அதோடு சேர்த்தே கழுவிவிட்டான்.

திரும்ப மாட்டியபோது வண்டியில் தாமதம் துளிக்கூட இல்லை. மிதித்த கணமே பாய்ந்தது. பக்கத்து கராஜ்காரனான செப்போ, தொழிற்சாலை வேலைக்காக பின்லாந்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவன், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் இறங்கினான். கழுவினால் அழுக்கு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். தாமதமும் அப்படித்தான். அது தட்டுகளில் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தட்டுகளில் சாப்பிட்டவர்கள் தோர்னியும் அவன் மனைவி குன்வோரும் மட்டுமே. திங்கட்கிழமை கேட்ட நகைச்சுவைக்கு அவர்கள் புதன்கிழமை சிரித்தார்கள். இயந்திரத்துக்குள் கரியைப் பார்த்த அன்று குன்வோர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இரண்டு வாரம் கழித்து, மளிகைக்கடை வரிசையில், ஒரு ஊறுகாய் மீன் பாட்டிலைக் கையில் எடுத்தபோது வந்தது. "என் தட்டுக்கு நடுவுல உன் இரும்பை வெப்பியா? அறிவிருக்கா உனக்கு?" என்று அவள் அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கத்த, கடைக்காரர் பயந்துபோய் அதற்குத் தள்ளுபடி கொடுத்தார். பெரிய விஷயங்கள் வந்து சேர இன்னும் நாளானது. கோடையில் குன்வோரின் அண்ணன் இறந்துபோனதற்கு அவர்கள் ஆகஸ்ட் மாதத்து நண்டு விருந்தன்று, ஊர் வழக்கப்படி தலையில் போட்ட காகிதத் தொப்பியோடு அழுதார்கள்.

செப்டம்பரில் குன்வோருக்கு வடக்கே லூலியோ மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் நேராகவே கேட்டாள்.

"போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லு தோர்னி."

தோர்னி தனக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. காலி வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தது போல இருந்தது.

"எனக்கு இன்னும் ஒண்ணும் வரலை," என்றான்.

"எனக்கும்தான் வரலை. வர்ற வரைக்கும் வேலை நிக்குமா? ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கப்புறம் வீட்டை வித்துட்டுப் பிரிஞ்சுக்கலாம். சரியா?"

"சரி," என்றான் தோர்னி. சொன்ன அந்த வார்த்தை தவறு என்று அவனுக்கு அறிவில் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

பாதித் தட்டுகளை அவள் கட்டி எடுத்துக்கொண்டாள். ரயில் நிலையத்தில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், வீட்டு வாடகை பேச வந்தவர்களைப் போல. வழியனுப்ப வந்திருந்த செப்போவால் தாங்க முடியவில்லை.

"டேய், பொண்டாட்டி போறாடா! ஒரு சொட்டு கண்ணீர் விட்டா குறைஞ்சா போயிடுவே?"

"கிளம்பிடுச்சு செப்போ. வந்துக்கிட்டிருக்கு," என்றான் தோர்னி.

"எது?"

"அந்தக் கண்ணீர்தான்."

அந்தக் குளிர்காலம் அவனைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வரப்போகிற துக்கம் எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாது. அது ஈஸ்டருக்கு முன்பு வருமா என்றும் தெரியாது. பிரிவதற்குக் கையெழுத்துப் போட்ட மறுநாள் வந்து சேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அடித்துப் பார்த்தான். ஜன்னல் சட்டம், கதவுக் கீல், கட்டில் கால் எங்கேயும் குமிழ் வரவில்லை. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் மட்டும் நுரை பொங்கியது. அதன் எல்லாத் திருகுகளையும் முறுக்கினான், நிற்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நடந்து நடந்து கம்பளத்தில் ஒரு தடம் விழுந்தது. செப்போ இலவங்கப்பட்டை பன் வாங்கிவந்து, அதை அவன் நடந்துகொண்டே தின்னும்படி செய்தான்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றான் செப்போ. "எங்கேயிருந்து வந்துச்சோ அங்கேயே திருப்பி விடு. டர்போவை மறுபடி கழட்டி, மிச்சத் தட்டோட சேர்த்துக் கழுவு."

"வண்டி போயிடுமே."

"ஆமா, போயிடும். இப்ப மட்டும் அதுல ஏறி எங்கே கிழிச்சே? கடைக்கும் வீட்டுக்கும்தானே?"

தோர்னி அன்றைக்குச் செப்போவைக் கராஜிலிருந்து துரத்திவிட்டான். அந்த வண்டி மாதிரி ஒரு வண்டி ஊரில் இல்லை; வாழ்நாளில் அவன் கையால் பழுதில்லாமல் முடித்த ஒரே காரியம் அதுதான். ஆனால் மார்ச் மாதத்தில், ஆற்றில் பனி உடைந்த வாரம், ஸ்பேனரை எடுத்தான். துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தது. திட்டிக்கொண்டே துளை போட்டு எடுத்தான். கூட்டையும் தட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, இயந்திரம் ஓடி முடியும் வரை அதன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் காபி ஊற்றிக் குடித்தான். நாக்கு உடனே சுட்டது. வண்டியை எடுத்து மிதித்தான். அது யோசித்தது.

இனி வருகிற வலியெல்லாம் அந்தந்த நேரத்தில் வரும். ஆனால் செப்டம்பரில் கிளம்பியதை யாராலும் திருப்பி அழைக்க முடியாது. அது தன் போக்கில் வந்துதான் சேர வேண்டும். ஈஸ்டருக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தோர்னி ஒரு பிளாஸ்க் காபியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினான். நெஞ்சில் ஒன்றும் இல்லாமல்தான் கிளம்பினான். யாவ்லே நகரத்தைத் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. சுண்ட்ஸ்வால் பாலத்தில் கடல் தெரிந்தது, அப்போதும் வரவில்லை. வழியில் லாரிகளை முந்த வேண்டியபோதெல்லாம் முன்கூட்டியே மிதித்துவிட்டுக் காத்திருந்தான். திரும்பிப் போய்விடலாமா என்று பலமுறை தோன்றியது. மிதியிலிருந்து காலை எடுத்தால் வரவேண்டியது வராமலே போய்விடும் என்று அவனுக்குத் தெரியும், அழுத்தியபடியே போனான்.

லூலியோவில் குன்வோர் கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அது வர இன்னும் சில மாதமாகும்.

"எதுக்கு வந்தே?"

"அது எந்த நேரமும் வந்துடும். வரும்போது நீ பக்கத்துல இருக்கணும். இல்லைன்னா அது வந்து என்ன பிரயோஜனம்?"

"செருப்பைக் கழட்டிட்டு வா," என்றாள்.

அவள் அந்த நீலப்பூத் தட்டில் அவனுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்தாள். அவன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டியிலிருந்தே தின்றான். மூன்றாவது வாய்க்குப் போகும்போது செப்டம்பர் வந்து சேர்ந்தது. முள்கரண்டி கீழே விழுந்தது. ரயில் நிலையத்தில் அழ வேண்டியதையும், மேஜையில் சொல்ல வேண்டியதையும், ஒரு முழுக் குளிர்காலத்தின் வட்டியோடு அவன் அழுது தீர்த்தான். "போகாதே, குன்வோர், போகாதே," என்று அவளுடைய வீட்டிலேயே உட்கார்ந்து அவளிடம் கெஞ்சினான். ஆடிக்கொண்டே இருந்த அவன் முட்டி அப்போதுதான் நின்றது.

குன்வோர் ஒன்றும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு எப்ப வரும்னு தெரியலையே தோர்னி. நான் இதுலதான் தினமும் சாப்பிடறேன்."

"பரவாயில்லை. நான் இங்கேயே இருக்கேன்."

"வராமலே போனா?"

"மிதிச்சாச்சுல்ல? வரும்."

ஈஸ்டருக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. தோர்னி பேருந்துப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தான். தட்டுகளை மாற்றலாம் என்று அவன் சொல்லவில்லை. அவை அவளுடைய அம்மா கொடுத்தவை, முடிவு அவளுடையது. கோடையில் அவன் வந்ததற்கான ஆச்சரியம் அவளுக்கு வந்தது, பல் தேய்க்கும்போது. இலையுதிர்காலத்தில் அவன் அழுததற்கான இரக்கம் வந்தது. பணிமனை ஆட்கள் லிண்டெல் வீட்டுக்கு எந்தச் செய்தியையும் முன்கூட்டியே சொல்லிவைக்கப் பழகிக்கொண்டார்கள். குன்வோருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கம்பக்கத்திலிருந்து ஒரு மாதம் முன்னதாகவே வந்தன.

அடுத்த பிப்ரவரியில், லூலியோக்காரர்கள் உறைந்த கடல்மீது சறுக்குவண்டி தள்ளிக்கொண்டு காற்று வாங்கப் போகும் பாதையில், இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். கேக் கடை மூடிவிடுமா என்று பேசிக்கொண்டு வந்த குன்வோர் நடுப்பாதையில் நின்றாள். அவள் வாய் கோணியது. அவன் கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னைப் போன்னு சொல்லிடாதே! சரின்னு சொல்லிடாதே தோர்னி!" என்று கதறினாள்.

"சொல்லலை," என்றான் தோர்னி. "சொல்ல மாட்டேன்."

பின்னால் சறுக்குவண்டி தள்ளி வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், இது எந்த வருஷத்து அழுகையோ என்று தன் மனைவியிடம் சொன்னார். குளிருக்கு நல்லது என்று அவர் மனைவி தன் தொப்பியைக் கழற்றிக் குன்வோர் தலையில் மாட்டிவிட்டு நடந்தாள்.