சொர்க்கத்து இஞ்சி

எழுபத்துநாலில் இஞ்சி விலை விழுந்து, போடி கடைவீதியில் சங்கரலிங்கத்தின் கடை முழுக்க மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. ஒரு மூட்டையின்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "சனியன் பிடிச்ச இஞ்சி, எவன் சீந்துறான்?" என்று எரிந்து விழுந்தார்.

கம்பத்திலிருந்து சரக்கெடுக்க வந்திருந்த காசிம் ராவுத்தர் சிரித்தார். "அப்பிடிச் சொல்லாதீக அண்ணாச்சி. நம்ம இஞ்சிவேருங்கிற பேருதான் கடல் தாண்டிப் போயி இங்கிலீசுல ஜிஞ்சர், அரபியில சஞ்சபீல்னு ஆச்சுன்னு படிச்சவுக சொல்றாக. சொர்க்கத்துல குடிக்கத் தர்ற பானத்துல சஞ்சபீல் கலந்திருக்கும்னு எங்க குர்ஆன்லயே இருக்கு."

"நம்ம பேரா பாய்? சொர்க்கத்துலயா?"

"ஆமா."

சங்கரலிங்கம் மூட்டையை உற்றுப் பார்த்தார். மெல்லக் காலை எடுத்தார். மூட்டையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.