பின் டயருக்கு எவ்வளவு காற்று

பார்வை போன பிறகும் மீட்டர்காரர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டென்றால், அது பைக்கின் காற்று. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் ஊர் முழுக்க அவரைச் சுமந்த பைக் அது. கண்ணழுத்த நோய் ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டே வந்து கடைசியில் வெளிச்சம் இருட்டு என்ற வித்தியாசத்தை மட்டும் மிச்சம் வைத்தபோது, வேலை போனது, சாவி போனது. "பைக்கை வித்துடலாம்பா" என்றாள் போனில் மகள். மனைவிதான் சொன்னாள்: "விக்க வேண்டாம். நான் ஓட்டுறேன்."

சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள் அவள். கல்யாணமானதிலிருந்து பின்சீட்டைத் தாண்டாதவள். நாற்பத்தாறு வயதில் முழங்கையும் முட்டியும் சிராய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "தேவைப்படுது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மலைமேல் ஒரு பயிற்சி மையம் இருந்தது. பார்வையில்லாதவர்களுக்குத் தொலைபேசி இயக்குநர் வேலை கற்றுக்கொடுத்தார்கள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளச் சொன்னாள் மகள். "பார்சல் மாதிரி போய் இறங்க மாட்டேன். என் பைக்குல போனாத்தான் போவேன்" என்றார் மீட்டர்காரர்.

போனார்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பைக்கின் பின்பக்கம் மீன் வாலைப்போல ஆடியது. அவள் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினாள். வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

"பிரேக்கைத் தப்பா பிடிச்சிருப்ப" என்றார் அவர்.

"பிரேக்கைத் தொடவே இல்ல. பின்னாடி காத்து கம்மியா இருக்கு."

"இருபத்தெட்டு. இத்தனை வருஷமும் இருபத்தெட்டுதான்."

"இத்தனை வருஷமும் வேலைக்கு நீங்க தனியா போனீங்க. இப்ப ரெண்டு பேரு, ஒரு பை வேற."

"காத்து கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான் டயர் ரோட்டைப் பிடிக்கும். நேத்து ஓட்டக் கத்துக்கிட்டவ எனக்குச் சொல்லித்தர்றியா?"

சுருக்கென்று இருந்தது அவளுக்கு. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, செயின் கவர்மேல் அப்பியிருந்த அழுக்கைத் தேய்த்தாள். அடியில் ஒரு பழைய ஸ்டிக்கர். சத்தமாகப் படித்தாள்: "முன்னாடி இருபத்தஞ்சு. பின்னாடி, ஒருத்தர்னா இருபத்தெட்டு. ரெண்டு பேர்னா முப்பத்துமூணு."

"கம்பெனிக்காரன் எல்லா வண்டிக்கும் குத்துமதிப்பா ஒட்டுறது அது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாமல் முப்பத்துமூன்று அடித்துவிடலாம். கண் தெரியாதவரிடம் மறைப்பதில் என்ன கஷ்டம்? அத்தனை சுலபம் என்பதாலேயே அவளுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் காபி டம்ளரை அவர் கையில் வைக்கும்போது சொன்னாள்.

"சோதனை பண்ணிப் பார்த்துடலாம். நான் காத்தை மாத்தி மாத்தி வைக்கிறேன். எத்தனைனு சொல்ல மாட்டேன். நீங்க பின்னாடி உக்காந்து எது சரின்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

"நான் எதைச் சொன்னாலும் கேப்பியா?"

"கேப்பேன். ஆனா என் கையிலயும் வண்டி சரியா நிக்கணும்."

அளவுமானியும் கால்பம்பும் வாங்கி வந்தாள். டயர் சூடானால் அளவு ஏறிவிடும் என்று பஞ்சர் கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் காலையில் வண்டி நகர்வதற்கு முன்பே அளந்தாள். முன் டயரை ஸ்டிக்கர் சொன்னபடி வைத்துவிட்டு, பின் டயரை மட்டும் மாற்றினாள். சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத வளைவு ஒன்று இருந்தது. அதே வேகம், அதே பை, மடியில் கையை வைத்துக்கொண்டு அதே ஆள்.

முதல் நாள் வளைவு முடிந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஆடுது. அடியில கொழகொழன்னு இருக்கு. இது உன் நம்பர்தானே?"

அவள் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

மறுநாள் நன்றாக ஏற்றினாள். சின்னக் கல் ஏறினாலும் அவர் சீட்டிலிருந்து எழும்பி விழுந்தார். மணல் சிதறிய இடத்தில் சக்கரம் லேசாக வழுக்கியது. "யம்மா, இடுப்பு கழண்டு போச்சு! இறக்கு, இறக்கு!" என்று அவள் தோளைத் தட்டினார். அவளுக்கும் கைப்பிடி அதிர்ந்து உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்கடுத்த காலையில் வளைவு வந்தது, போனது. "இன்னொரு தடவை" என்றார். திரும்பி வந்து மறுபடியும் வளைந்தாள். கோடு போட்டு வெட்டும் துணியைப்போல வண்டி வளைவோடு போனது.

"இதுதான்" என்றார். "எத்தனை?"

"முப்பத்துமூணு."

"முதல் நாள் வச்சது?"

"இருபத்தெட்டு."

அவர் வண்டியிலிருந்து இறங்கி, கிடங்குச் சுவரைத் தடவிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். அவள் பின்னாலேயே போகவில்லை. ஜெயித்தது போலவும் இல்லை அவளுக்கு. அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அவர் திரும்பி வந்து சீட்டைத் தட்டிப் பார்த்து ஏறி உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷம் நீயும் பின்னாடி உக்காந்துதானே வந்த? இப்படித்தான் ஆடுச்சா?"

"ஆடும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். உங்களுக்குக் காத்துல கேக்கல."

"எந்தக் காத்து?" என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே கியர் போட்டாள்.

மலைக்குப் புறப்பட்ட அன்று தூறல் போட்டது. நாளைக்குப் போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. போனமுறை ஆடிய வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தை முன்கூட்டியே குறைத்து வளைந்தாள். பின்சக்கரம் பின்னாலேயே வந்தது. பாதி வழியில் இளைப்பாற நின்ற இடத்தில் ஒரு லாரி டிரைவர் டயரை உதைத்துப் பார்த்தார். "டயரு கல்லு மாதிரி இருக்கேம்மா. கொஞ்சம் காத்தை இறக்கி விடுங்க. மழை வேற."

அவள் வாயைத் திறப்பதற்குள் மீட்டர்காரர் முந்திக்கொண்டார். "வேண்டாம் தம்பி. ஓடின சூட்டுல ஏறியிருக்கும். காலையில குளிர்ந்த டயர்ல அளந்துதான் வச்சிருக்கோம். ரெண்டு பேருக்கு இதுதான் அளவு."

வச்சிருக்கோம் என்றார். அவள் ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

மையத்தின் வாசலில் அவரே படிகளை எண்ணாமல் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மாலையில் வெளியே வந்தபோது மார்போடு ஒரு கனத்த இரும்புப் பெட்டியை அணைத்திருந்தார். தொட்டுப் படிக்கும் எழுத்தை அடிக்கும் மெஷின்; வீட்டில் பழகக் கொடுத்திருந்தார்கள்.

"தூக்கிப் பாரு, எவ்வளவு கனம் இருக்கும்?"

தூக்கிப் பார்த்தாள். "அஞ்சு கிலோ அரிசிப் பை கனம் வரும்."

"அப்ப வண்டி தாங்குற மொத்த எடை எவ்வளவுனு ஸ்டிக்கர்ல பாரு. தாங்காதுன்னா உன் டிபன் பையை இங்கேயே வச்சுட்டுப் போவோம்."

"உங்க செருப்பைக் கழட்டி வச்சுட்டுப் போலாமே?"

"படி முதல்ல" என்றார். அவள் செயின் கவர் பக்கம் குனிந்தாள்.