தேய்ந்த சாவி

“நான் வண்டிக்கு அடியில கெடக்கையில, என் பொண்டாட்டியே வந்து கேட்டாலும் சாவியக் குடுப்பியா?”

பாண்டிச்செல்வி வேலைக்குச் சேர்ந்த அன்று மெக்கானிக் வெள்ளைத்துரை அவளிடம் கேட்ட கேள்வி இது. அவள் தரையைப் பார்த்தபடி, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “அவ கேட்டா கண்டிப்பாக் குடுக்காத தாயி. வீட்ல சண்டை நடந்துக்கிட்டிருக்கு” என்று அவன் சொல்ல, பட்டறையே சிரித்தது.

அவனியாபுரத்தில் அந்தப் பட்டறைக்கு அது ஒன்றுதான் சட்டம். வண்டிக்கு அடியில் போகிறவன் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். வெளியே வந்து அவனே வாங்கிக்கொள்வான். நடுவில் வேறு கை அதைத் தொடக் கூடாது. பேசப் பயந்த அவளுக்கு அந்த வேலை தோதாகவே இருந்தது. சாவியைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்று மதியம் ஒன்றரை மணி. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெள்ளைத்துரை மட்டும் ஹரிராமின் பேருந்துக்கு அடியில், பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் மல்லாந்து கிடந்தான். ஹேண்ட்பிரேக்கைக் கழற்றியிருந்ததால் வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் கொடுத்திருந்தான். அவன் பைக்கை முதலாளி வாங்கிக்கொண்டு போயிருந்தார். மூலையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

ஹரிராம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் அந்தப் பேருந்து அவருடையது, ஓட்டுவதும் அவரே. இரண்டு நாளாக வண்டி போகவில்லை. இன்று இரண்டு மணி ஷிப்டுக்கும் வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாக மில்லில் சொல்லிவிட்டார்களாம். அவர் முதலில் பார்த்தது வெள்ளைத்துரையின் பைக் நிற்கிற இடத்தை. அது காலியாக இருந்தது.

“தொரை சாப்பிடப் போயிட்டானா? சாவியக் குடும்மா. ஸ்டார்ட் பண்ணி விட்டா, அவன் வர்றதுக்குள்ள பிரேக்குக்குக் காத்து ஏறிரும்.”

அவள் தலையை ஆட்டினாள். அடியில் இருக்கிறார் என்று சொல்லவும் செய்தாள். அவள் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை.

“டயராவது பஞ்சரானாச் சத்தம் போடும். நீ அதுகூடக் கெடையாது” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். வண்டியின் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். அவர் முதுகுதான் அதைப் பார்த்தது.

அவள் மேசையிலிருந்து பார்த்தால் வெள்ளைத்துரையின் வெறுங்கால்கள் தெரிந்தன. ஓட்டுநர் கதவு இருந்தது மறுபக்கம். அங்கிருந்து எதுவும் தெரியாது. துப்பட்டா முடிச்சை அழுத்திப் பார்த்தாள். சாவி இருந்தது. இது இல்லாமல் என்ன செய்துவிடுவார் என்று மூச்சு விட்டாள்.

ஹரிராம் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒன்றைப் பிரித்தார். பல் தேய்ந்து தகடாகிப்போன பழைய சாவி. போன மாதம் அதைப் போட்டு வேறொருவர் வண்டியைக்கூட அவர் கிளப்பிக் காட்டியிருந்தார். பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

அவர் ஏறி உட்காரவும் மாட்டார். எப்போதும் போலக் கீழே நின்றபடியே கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்புவார். கிளட்சை மிதிக்க ஆள் இல்லை. கியரில் நிற்கிற வண்டி ஒரு துள்ளு துள்ளினால் போதும். அந்தக் கல் எம்மாத்திரம்?

“அண்ணே” என்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

ஓடினாள். ஸ்பானர் தட்டு காலில் இடறிக் கவிழ்ந்தது. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தபோது சாவி பாதி திரும்பியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

“ஏய், என்ன பண்ற? கைய விடு.”

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உதறினார். அவள் நகம் பதியப் பிடித்தாள். அந்த நேரம் கம்ப்ரசர் காற்று நிறைந்து தானாக நின்றது.

“ஆள் கெடக்குண்ணே! அடியில ஆள் கெடக்கு!”

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஹரிராமின் கை தளர்ந்தது. அவள் சாவியை உருவிக்கொண்டாள். அவர் மெல்லக் குனிந்தார். பின்சக்கரத்துக்கு முன்னால் கிரீஸ் அப்பிய ஒரு பனியன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

“யாரு, செல்வியா?” அடியிலிருந்து வெள்ளைத்துரை கேட்டான். “என்னத்தத் தாயி கத்துற? இம்புட்டு நேரம் கம்ப்ரசர் எரைச்சல்ல காது அடைச்சுப்போச்சு, ஒண்ணும் வெளங்கல. இன்னும் பத்து நிமிச வேலைதான். ஹரிராமண்ணே வந்தா உக்காரச் சொல்லு.”

ஹரிராம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மணிக்கட்டில் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். வாங்கக் கை நீட்டவில்லை. வாயிலைத் தாண்டி வெயிலில் நடந்து போனார்.